வயிற்றுக்குள் ஒரு கம்பிக்குடை

அக்டோபர் 6, திங்கள்

தினமும் எதையாவது எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தலையில் அடிபட்டவனுக்கு மறதி எவ்வளவு என்று பார்க்க இது ஒரு வழியாம். மதுரை ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுத்த பெண், "காலையில என்ன சாப்பிட்டீங்கன்னாவது எழுதுங்க சார்" என்றாள். காலையில் இட்லி. சட்னியில் உப்பு இல்லை. அதை நான் மறக்கவில்லை.

என் பெயர் பெர்க்மான்ஸ். தூத்துக்குடியில் முந்திரி மக்ரூன் என்கிற இனிப்பு போட்டு விற்கிறவன். வயது ஐம்பத்தொன்று. மனைவி ஜெசிந்தா. மகள் பிரின்சி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மஸ்கட்டில் இழுவைப் படகில் வேலை பார்க்கும் இஞ்ஞாசி எனக்கு அண்ணன். இவ்வளவும் என் நினைவில் இருக்கிறது என்பதை இதைப் படிக்கிறவர்கள் கவனிக்கவும்.

அக்டோபர் 7, செவ்வாய்

"எழுதுனியளா?" என்று ஜெசிந்தா இரண்டு தரம் கேட்டாள். எழுதியாயிற்று.

அக்டோபர் 9, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். செப்டம்பர் தொடக்கத்தில் முட்டை வாங்க ஸ்கூட்டரில் போனேன். நாய் ஒன்று குறுக்கே வந்தது. அதோடு எனக்கு எல்லாம் அறுந்துபோயிற்று. மற்றதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான். இடது தொடை எலும்பு முறிந்து, தலைக்குள் கொஞ்சம் ரத்தக் கசிவு. மதுரைக்குக் கொண்டுபோய்த் தொடைக்குள் கம்பி வைத்தார்கள்.

ஒரு வாரம் போனதும் அந்தக் கால் யானைக்கால் மாதிரி வீங்கிவிட்டது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. கட்டிய ரத்தம் காலிலேயே கிடந்தால் வலியோடு போகும். அது பிய்த்துக்கொண்டு மேலே ஏறி நுரையீரலில் போய் அடைத்தால் ஆள் அவ்வளவுதான். கட்டாமலிருக்க மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்தைக் கொடுத்தால் தலைக்குள் கசிவது அதிகமாகும். மருந்து கொடுத்தால் தலை போகும், கொடுக்காவிட்டால் மூச்சு போகும். அப்படி ஒரு இக்கட்டில் நான் ஒன்றும் தெரியாமல் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறேன்.

அப்போதுதான் கழுத்து நரம்பு வழியாக ஒரு சின்னக் கம்பிக்குடையை உள்ளே இறக்கி, வயிற்றுக்குள் ஓடுகிற பெரிய ரத்தக்குழாயில் விரித்து வைத்திருக்கிறார்கள். ஃபில்டர் என்பார்கள். ரத்தம் தாராளமாகப் போகும், கட்டி வந்தால் கம்பியில் மாட்டிக்கொள்ளும். டீ வடிகட்டி செய்கிற வேலைதான்.

அந்தச் சமயத்தில் வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அண்ணன் மஸ்கட்டிலிருந்து போனிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்திருப்பார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அவரைக் கேட்காமல் ஒரு துரும்பும் அசையாது. நல்ல முடிவு எடுத்தார். நன்றாக இருக்கட்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

பக்கத்துக் கட்டில் மாசானத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அம்பாசமுத்திரத்துக்காரர். டிராக்டர் கவிழ்ந்து இடுப்பு முறிந்தவர். எனக்கு நினைவு திரும்பிய முதல் சில நாட்களில் அவர் குரலைத்தான் அதிகம் கேட்டேன். அவருக்கும் காலில் ரத்தம் கட்டி, இதே குடையைத்தான் வைக்கச் சொன்னார்கள். அவர் வீட்டில், "திருப்பூர்ல இருந்து பெரிய மச்சான் வரணும், அவுக வந்துதான் முடிவு" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் மாசானம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். காபி வருவதற்குள் சாய்ந்துவிட்டார். மச்சான் மத்தியானம் வந்தார்.

என்ன ஜனங்களோ. ஒரு மனிதனின் மூச்சு ஒரு பஸ்ஸுக்காகக் காத்திருக்குமா.

இன்று சாளை மீன் குழம்பு. நன்றாக இருந்தது. காபியை நிறுத்திவிட்டேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடையில் நல்ல வியாபாரம். மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளையைக் கையசராமல் அடிக்க வேண்டும், முந்திரித் தூளை மெல்லச் சேர்க்க வேண்டும், காகிதக் கூம்பில் அடைத்து ஒவ்வொன்றாகப் பிழிந்து நுனியைச் சுழித்து எடுக்க வேண்டும். அந்த நுனிதான் தொழில். ஜெசிந்தா பிழிந்ததில் பாதிக்கு மேல் நுனி சாய்ந்து நின்றது. "எல்லாம் குடிச்சுட்டு நிக்க மாதிரி இருக்கு" என்றேன். "வாங்குனவுக யாரும் நட்டமா நிக்கான்னு பாத்து வாங்கல" என்றாள். பதில் சொல்வதில் அவளுக்குக் குறைச்சல் இல்லை.

நடக்கப் பயிற்சி கொடுக்க வருகிறவர் தெருமுனை வரை போய்வரச் சொல்கிறார். இன்று வெடிச்சத்தம் அதிகம் என்பதால் வாசல்படியோடு திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

மதுரை போய் வந்தோம். தலைக்குள் இருந்த கசிவு முழுதாகக் காய்ந்துவிட்டது. இனி ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

குடையை வைத்த டாக்டர் நஸ்ரீனை இன்றுதான் முழு நினைவோடு பார்த்தேன். சின்ன உருவம். நம் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். இரண்டு கையையும் கூப்பி நன்றி சொன்னேன். ஸ்கேன் எடுத்தவருக்குச் சொன்னேன், லிஃப்ட்காரருக்குச் சொன்னேன், வாசலில் சக்கர நாற்காலி பிடித்த வாட்ச்மேனுக்கும் சொன்னேன். நான் நன்றி மறக்கிற ஆள் இல்லை. ஜெசிந்தா பின்னால் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். "குடையை இனி எடுத்துடலாம். மழைக்குப் பிடிச்சோம், மழை விட்டாச்சு, மடக்கிடணும். ரொம்ப நாள் உள்ளேயே கிடந்தா கம்பி ரத்தக்குழாய்ச் சுவரைக் குத்தும். சுத்தி சதை வளர்ந்து மூடிக்கிட்டா அப்புறம் எடுக்கிறதே கஷ்டம். அந்தக் கம்பியிலயே ரத்தம் கட்டி ரெண்டு காலும் வீங்கிப் போனவங்களும் உண்டு."

"உயிரைக் காப்பாத்துனத எடுக்கச் சொல்லுதியளே டாக்டர்."

"இப்ப அந்த வேலைய மாத்திரை பாத்துக்கும். டிசம்பர் முடியறதுக்குள்ள வாங்க. அதுக்கு மேல தள்ளாதீங்க."

"கிறிஸ்மஸுக்கு எங்க அண்ணன் வாராவ. ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் சொல்லுதேன்" என்றேன். டாக்டர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா ஃபைலைப் பார்த்தாள்.

திரும்பும்போது கோவில்பட்டி வரை அவள் ஃபைலை மடியில் வைத்து அணைத்துக்கொண்டே வந்தாள். என்ன என்று கேட்டதற்குத் தலை வலிக்கிறது என்றாள்.

நவம்பர் 5, புதன்

நேர்ச்சை செலுத்தலாம் என்று முடிவு செய்தேன். கண் நோவு தீர்ந்தவர்கள் வெள்ளியில் கண் செய்து வைக்கிறார்கள், கால் குணமானவர்கள் கால் செய்து வைக்கிறார்கள். எனக்குக் கால் குணமானது பெரிதில்லை. குடை காத்ததுதான் பெரிது. ஆகையால் எங்கள் தெருவில் அந்தோணியார் சுரூபம் நிற்கிற கெபிக்கு வெள்ளியில் ஒரு ஃபில்டர்.

நகைக்கடை ஆசாரியை வீட்டுக்கு வரவழைத்துப் போனில் எக்ஸ்ரே படத்தைக் காட்டினேன். முதுகெலும்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் கீற்றாக, கால்களை விரித்துக்கொண்டு நிற்கிறது. ஆசாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, நான் இதுவரைக்கும் ஈரல் வரைக்கும் செஞ்சிருக்கேன். இது என்னன்னு சொன்னா அளவு எடுத்துக்கிடுவேன்" என்றார். விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டார்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். "செய்ங்க" என்றாள். அடுப்பில் மக்ரூன் தட்டு இருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேர்ச்சையைக் கொண்டுபோய் வைத்தேன். இதற்காகவே தெருவில் முதல்முறையாக நடந்தேன், ஜெசிந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு. கோயில் உபதேசியார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணவாய் நல்லாப் பட்டுச்சோ?" என்று கேட்டார்.

மேலே கூம்பு, கீழே விரிந்த கால்கள். கடற்கரைக்காரர் கண்ணுக்கு அது கணவாய் மீனேதான். என் வயிற்றுக்குள் இருப்பது என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஜெசிந்தா சிரித்துவிட்டாள். செப்டம்பருக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். பல்லைக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கெபி வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் பார்க்க நன்றாக இருந்தது.

ஒன்று தோன்றியது. காணிக்கை வைத்து நன்றியும் சொன்ன பிறகு அந்தக் குடையைப் பிடுங்கிப் போடுவது முறையா? அதைக் கொடுத்த அந்தோணியார் என்ன நினைப்பார்? அண்ணன் வரட்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வளர்மதி என்று ஒரு சிஸ்டர் போன் செய்தார். ஃபில்டர் வைத்தவர்களை நினைவூட்டிக் கூப்பிடுவது அவர் வேலையாம். எந்தத் தேதி தோது என்று கேட்டார். அண்ணன் வந்ததும் சொல்கிறேன் என்றேன். "சரிங்கய்யா, நான் மறுபடி கூப்பிடுறேன்" என்றார். அடக்கமான பெண்.

நவம்பர் 26, புதன்

வளர்மதி மறுபடி. எடுக்கவில்லை. கூட்டாளிகள் யாராவது வந்திருந்தால் எடுக்க முடியாதுதானே. யாரும் வரவில்லை, ஆனால் வந்திருக்கலாம்.

டிசம்பர் 3, புதன்

கிறிஸ்மஸ் ஆர்டர் குவிகிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டி மடிக்கிறேன். முட்டை உடைப்பது, அடிப்பது, பிழிவது, அடுப்பு பார்ப்பது எல்லாம் ஜெசிந்தா. கை வலிக்கு எண்ணெய் தடவிக்கொள்கிறாள். நுனி இப்போது நட்டமாக நிற்கிறது. அவளிடம் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

அவள் தூங்குவது இன்னும் தரையில்தான், என் கட்டிலை ஒட்டிப் பாய் விரித்து. மெத்தை சூடு என்கிறாள். ஒரு கையை மட்டும் மேலே தூக்கி என் கணுக்காலில் வைத்துக்கொள்கிறாள். கால் வீங்குகிறதா என்று தூக்கத்திலும் பார்க்கிறாளாம். எனக்குக் கூச்சமாக இருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. எனக்குத்தான் குடை இருக்கிறதே, எதற்கு இந்தக் காவல்?

நானும் சரியாகத் தூங்குவதில்லை. எழுந்து உட்கார்ந்தால் உடனே நிற்காமல் கொஞ்சநேரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வெளியே ஒன்றும் தட்டுப்படாது. இருந்தாலும் ஒரு தைரியம்.

டிசம்பர் 10, புதன்

இன்று வளர்மதி கூப்பிட்டபோது ஜெசிந்தா எடுத்துவிட்டாள். எடுத்ததோடு முப்பதாம் தேதி என்று சொல்லியும் விட்டாள்.

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யாரைக் கேக்கணும்?"

"அண்ணன் வரட்டும்னு நான் சொல்லிக்கிட்டிருக்கேன்லா."

"அவுக இருபத்தொன்னாம் தேதி வாராவ. முப்பது அதுக்குப் பொறவுதான வருது. கணக்கு சரியாத்தான் இருக்கு."

"அவர் வேண்டாம்னா?"

அவள் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கைக்குள் நசுக்கிவிட்டாள். மஞ்சளும் வெள்ளையும் கலந்துபோய் அந்தக் கிண்ணம் முழுவதும் வீணானது. வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் பிறகு என்ன அடித்தாலும் பொங்காது. இத்தனை வருடத்தில் அவள் இப்படிச் செய்ததில்லை. வேலை அதிகம், பாவம்.

டிசம்பர் 21, ஞாயிறு

அண்ணன் வந்தார். கட்டிப் பிடித்து அழுதுவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. சோப்பு, பாதாம், ஒரு கம்பளி என்று அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். "நீங்க அன்னைக்குச் சரியான முடிவு எடுக்கலன்னா நான் இன்னைக்கு இல்ல அண்ணே" என்றேன். அவர் கம்பளியை மடித்து வைத்துக்கொண்டே, "அது கெடக்கட்டும்லே" என்றார். பெருந்தன்மையான மனிதர்.

ஆனால் அவருக்கும் ஜெசிந்தாவுக்கும் ஏதோ சரியில்லை. "வாங்க அத்தான்" என்றாள், "ம்" என்றார். சாப்பிடச் சொன்னாள், ஏர்போர்ட்டிலேயே ஆயிற்று என்றார். தூத்துக்குடி ஏர்போர்ட்டில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா. பெண்களுக்கும் மைத்துனர்மாருக்கும் ஆயிரம் இருக்கும், நான் தலையிடுவதில்லை.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்து பிறந்துவிட்டார். நானும் உயிரோடு இருந்து பார்த்துவிட்டேன். இதற்கு மேல் என்ன கேட்க முடியும்.

மத்தியானம் அண்ணனிடம் முறையாகக் கேட்டேன். அவர் யோசித்தார். "உள்ள நல்லபடியா இருக்குறத எதுக்குலே நோண்டணும்? அது பாட்டுக்குக் கெடக்கட்டும். கழுத்துல ஓட்டை போட்டு இழுக்கும்போது என்ன ஆவும்னு யாருக்குத் தெரியும்" என்றார். நான் நினைத்ததையே சொன்னார். மனசு லேசாகிவிட்டது.

ஜெசிந்தா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கோழிக் குழம்பை எனக்கு ஊற்றினாள், அண்ணனுக்கு ஊற்றினாள். தனக்கு ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டாள்.

டிசம்பர் 26, வெள்ளி

இடது கால் சற்று கனமாக இருக்கிறது. நேற்று அதிகநேரம் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. அவள் காலையிலேயே தொட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

டிசம்பர் 27, சனி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் வளர்மதி போன் செய்தார், முப்பதாம் தேதிக்கு வருகிறோமா என்று உறுதி செய்துகொள்ள. அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார். ஸ்பீக்கரில் இருந்தது.

"இந்தா பாருங்க சிஸ்டர், இந்தக் குடும்பத்துக்குப் பெரியவன் நான். அன்னைக்கு என்னைக் கேக்காம வச்சிய. இன்னைக்கும் என்னைக் கேக்காம எடுக்கணும்னு நிக்கிய. என்ன நெனச்சிக்கிட்டிருக்கிய?"

வளர்மதி, "ஐயா, எடுக்கிறதும் எடுக்காததும் உங்க விருப்பம். ஆனா நாள் தள்ளத் தள்ள எடுக்கிறது சிரமமாயிடும். அதனாலதான் விடாம கூப்பிடுறேன். நான் திட்டு வாங்கினா பரவாயில்லை" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. நான் எடுக்காமல் விட்ட போன்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

போனை வைத்ததும் நான் கேட்டேன். "என்னைக் கேக்காமன்னா என்ன அண்ணே? நீங்கதான சரின்னு சொன்னிய?"

 அடுப்படியில் முட்டை அடிக்கிற சத்தம் நின்றுபோயிற்று.

பிறகு அண்ணனே சொன்னார். அன்று ஜெசிந்தா போன் செய்து, காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, குடை வைக்கணும் என்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். "நான் வந்துருதேன், டிக்கெட் பாத்துக்கிட்டிருக்கேன், வந்து டாக்டர்ட்ட பேசுன பொறவு பாத்துக்கிடலாம், அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சொன்னேன். சரி அத்தான்னு சொல்லி போனை வச்சா. வச்சிட்டு நேரே போயிக் கையெழுத்துப் போட்டுட்டா."

"நீங்க எப்ப வந்திருப்பிய?"

"டிக்கெட் கெடைக்க ரெண்டு நாளாயிருக்கும்."

ரெண்டு நாள். மாசானத்துக்கு ஒரு ராத்திரிதான் கிடைத்தது. "எல்லாம் ஆன பொறவு நான் வந்து என்ன செய்யன்னு அங்கேயே இருந்துட்டேன்" என்றார் அண்ணன். அவரைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. "நம்ம அப்பாவ ஆபரேஷனுக்கு உள்ள அனுப்பும்போது கையெழுத்துப் போட்டது நான்லே. திரும்பி வரல. அதுல இருந்து எனக்குப் பேனாவ எடுத்தாலே கை ஓடாது" என்றார். முப்பது வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. பெரியவர் பெரியவர் என்று அவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றி வைத்தோம். பயப்பட அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

அடுப்படிக்குப் போனேன். கம்பு இல்லாமல் நடந்தேன் என்பதே போன பிறகுதான் தெரிந்தது. ஜெசிந்தா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா உங்க அண்ணன் மேல உங்களுக்கு மனசு விட்டுப் போவும். அவுகளுக்கும் உங்களை விட்டா யாரு இருக்கா?"

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான். உள்ள போயி உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா, கொன்னவ நாந்தான்னு ஊரு முழுக்கச் சொல்லியிருக்கும். தெரியும். ஆனா டாக்டரம்மா, இவர் எழுந்து உக்காந்தா கூட உசுரு போயிரலாம்னு சொன்னாவ. நீங்க அப்ப பிதற்றிக்கிட்டு எழுந்து எழுந்து உக்காந்திய." கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தாள். "அந்த மாசானம் பொண்டாட்டி எங்கிட்ட வந்து கேட்டா. அக்கா, நீ எப்படிப் போட்டன்னு. கண்ணை மூடிக்கிட்டுப் போடுன்னு சொன்னேன். அவ பேனாவக் கையில பிடிச்சுக்கிட்டு அன்னைக்கு ராத்திரி முழுக்க நின்னா. நான் இன்னும் ரெண்டு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம்."

மாசானத்தின் வீட்டாரை நான் என்னவெல்லாம் நினைத்தேன். அக்டோபர் மாதப் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். அதை எழுதிய கையோடுதான் அண்ணன் வரட்டும், அண்ணன் வரட்டும் என்று இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மேல் உள்ள மரியாதை என்றேன், அந்தோணியாருக்குக் கொடுத்த காணிக்கை என்றேன். எனக்குச் சாகப் பயம். குடையை எடுத்துவிட்டால் அந்த ஆள் மாதிரி உட்கார்ந்த இடத்தில் சாய்ந்துவிடுவேன் என்று பயம். விஷயம் இவ்வளவுதான்.

நானே வளர்மதிக்குப் போன் செய்து வருகிறோம் என்று சொன்னேன். கால் கனமாக இருப்பதையும் சொன்னேன். உடனே டாக்டரைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லி, நாளைக்கே இங்கே தூத்துக்குடியிலேயே அந்தக் காலுக்கு ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொன்னார்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஸ்கேனில் புதிதாகக் கட்டி இல்லை. பழையதும் கரைந்து வருகிறது. உட்கார்ந்தே கிடந்தால் கால் கனக்கத்தான் செய்யும் என்றார்கள். ஆண்டவருக்கு நன்றி. தெருமுனை வரை நடந்தேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். கழுத்தில் கட்டு இருப்பதால் எழுத்து கோணலாகப் போகும்.

அண்ணனும் கூட வந்தார். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. கார் புறப்படும்போது முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மூன்று பேருக்கும் ஜெசிந்தா பொட்டலம் கட்டியிருந்தாள். அண்ணன் சாப்பிட்டார்.

உள்ளே அழைத்துப் போவதற்கு முன் ஒரு நர்ஸ் தாளோடு வந்தார். நான் என் பெயரை எழுதினேன். "கூட வந்தவங்கள்ல ஒருத்தர் போடணும். வீட்டுப் பெரியவங்க யாரு?" என்று கேட்டார். பழக்க தோஷம், அண்ணனின் கை சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது. பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

"நீ போடும்மா" என்றார்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். நிதானமாக, முழுப்பெயரையும் எழுதினாள்.

உள்ளே கழுத்தை மட்டும் மரக்கச் செய்தார்கள். நினைவோடுதான் இருந்தேன். டாக்டர் நஸ்ரீன் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். குடையின் உச்சியில் ஒரு கொக்கி உண்டாம், மேலிருந்து சுருக்குப் போட்டு அதைப் பிடித்து, குடையை மடக்கி, குழாய்க்குள் இழுத்துக்கொள்வார்களாம். வயிற்றுக்குள் ஒரு சின்ன இழுப்பு தெரிந்தது. சட்டென்று பயம் வந்துவிட்டது, பிடித்துக்கொள்ள எதுவும் கையில் அகப்படவில்லை. "மூச்சை நல்லா விடுங்க, முடிஞ்சிருச்சு" என்றார். மூச்சு விட்டேன். அது பாட்டுக்கு வந்து போனது.

பிறகு ஜெசிந்தாவையும் அண்ணனையும் வரவழைத்து, ஒரு கிண்ணத்தில் அதைக் காட்டினார். இத்தனை பெரிய மனிதனைக் காத்த சாமான் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உச்சியில் கம்பிகள் கூடுகிற இடத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னன்னு தெரியுதா?" என்று கேட்டார் டாக்டர். "கால்ல இருந்து கிளம்பி வந்த கட்டி. இங்க மாட்டிக்கிச்சு. முதல்ல இதைவிட ரொம்பப் பெருசா இருந்திருக்கணும், மருந்து கரைச்சது போக இவ்வளவு மிச்சம். எந்த நாள் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அனேகமா குடை வச்ச முதல் சில நாள்ல வந்திருக்கும்."

 அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, ஜெபம் சொல்கிறாரோ, அந்த இரண்டு நாளை எண்ணுகிறாரோ. பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டருக்கு நன்றி சொன்னேன். கதவோரம் வந்து நின்ற ஒரு பெண்ணைக் காட்டி, இவர்தான் வளர்மதி என்றார். நான் நினைத்ததைவிட வயதானவர், கண்ணாடி போட்டவர். அவருக்கும் சொன்னேன், எடுக்காத போன்களுக்கு மன்னிப்பும் கேட்டேன். "எடுக்காதவங்களத்தான் ஐயா அதிகமா கூப்பிடணும்" என்றார். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவருக்கும் சொன்னேன்.

பாக்கி ஒருத்திதான். எங்கள் பக்கம் பெண்டாட்டிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அந்நியமாக இருக்கும். இருபத்தாறு வருடத்தில் நான் சொன்னதில்லை, வெள்ளியில் குடை செய்த அன்றும் சொல்லவில்லை.  அண்ணன் இருந்தார், டாக்டர் இருந்தார், நர்ஸுகள் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"ஜெசிந்தா, நன்றி."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா, இவுக தலையை இன்னொரு தடவ ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு, மருந்துச் சீட்டு வாங்கி வருகிறேன் என்று வெளியே போனாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை. அண்ணன்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.